ஊசி வேண்டாம் என்றவன்

தொழிற்சாலை மெடிக்கல் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோயே கிடையாது. தலைவலி என்று வருவான். கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே உட்கார வேண்டும், அவ்வளவுதான். வயிற்றுவலி என்று வருவாள். லைனில் சூப்பர்வைசர் கண்டபடி பேசியிருப்பார். மீதிப் பாதிக்கு நிஜமாகவே நோய் இருக்கும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் லைனை மாற்றிவிடுவார்கள், ஓவர்டைம், அந்த ஓ.டி. காசு போய்விடும் என்று பயம். இல்லாததைச் சொல்கிறவர்களுக்கும் இருப்பதை மறைக்கிறவர்களுக்கும் நடுவில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் நம்புகிறேன் என்று சொன்னால் உங்களை நான் நர்ஸ் என்று சொல்ல மாட்டேன்.

ஒருமுறை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ஒருவர், கால் வழுக்கி விழுந்தேன் என்று முழங்கையில் சிராய்ப்போடு வந்தார். மருந்து போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் பேச்சு குழறியது. நாக்கை நீட்டுங்கள் என்றேன். நீட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தார். ஒரு வழியாக நீட்டியபோது ஓரத்தில் பல் பதிந்த காயம். வழுக்கி விழுகிறவர் நாக்கைக் கடித்துக்கொள்வதும் உண்டுதான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. வலிப்பு வருவதை அவர் பல நாளாக மறைத்துக்கொண்டு அந்த வண்டியை ஓட்டியிருந்தார். வண்டியை விட்டு இறக்கினோம். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவர் குடும்பத்தோடு நல்லபடியாக இருக்கிறார்.

இதைக் கேட்டுவிட்டு, ஓகோ, சிஸ்டர் எல்லாரையும் சந்தேகப்படச் சொல்கிறார் என்று கிளம்பிவிடாதீர்கள். சந்தேகத்தை வைத்து ஒருவரைக் காப்பாற்றலாம், அதே சந்தேகத்தை வைத்து ஒருவரை ஒழித்தும் கட்டலாம். இது எனக்குப் புரிந்தது ஏழுமலையால். இன்றைக்கு அவனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சொல்லிக்கொள்ளச் சொன்னதே அவன்தான், பேரை மட்டும் மாற்றியிருக்கிறேன். என் கடைசித் தம்பி வயசு என்பதால் அவன் இவன் என்றே வாயில் வருகிறது.

ஏழுமலைக்கு வடக்குப்பட்டு பக்கம். பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை வைத்து, அச்சு இறங்கி, எடுத்து, மறுபடி வைக்கிற வேலை. அதையே நாள் முழுக்கச் செய்தால் தோள்பட்டை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலி வந்தது. கூட வேலை செய்த ஒருவன், இதைப் போட்டுக்கொள், வலி பறந்துவிடும் என்று ஒரு மாத்திரையைக் கொடுத்தான். வலி பறந்தது மட்டுமில்லை, இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்கவும் தெம்பு வந்தது. முதலில் வலிக்காகப் போட்டான், பிறகு ஷிஃப்டுக்காகப் போட்டான், அப்புறம் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே அது வேண்டியிருந்தது. ஒரு நாள் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றபடி தூங்கிவிழப் பார்த்தவனைப் பிடித்து இழுத்தார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவன் மனைவி சுமதியும் இதே ஒரகடத்தில் வேறு ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். அவள் எங்கள் கேட்டில் வந்து உட்கார்ந்து, மேனேஜரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். லீவு கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் போதை மீட்பு வார்டில் சேர்த்தாள். சில மாதம் கழித்து டாக்டர் சர்டிஃபிகேட்டோடு திரும்பி வந்தான். முகம் தெளிந்திருந்தது, சட்டை உடம்போடு ஒட்டி நின்றது. அவன் வேலைக்கு வந்த அன்றே எச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஒரு சான்ஸ் குடுத்திருக்கோம் சிஸ்டர். நீங்க அவன் மேல ஒரு கண்ணு வெச்சுக்கணும். சின்னதா டவுட் வந்தாலும் மொதல்ல எனக்குச் சொல்லிடுங்க."

என்னிடம் போய்க் கண் வைக்கச் சொன்னால் கேட்கவா வேண்டும்.

அவன் போட்டது அபின் வகை வலி மாத்திரை. அதைப் போட்டவனின் கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பான், உட்கார்ந்த இடத்திலேயே தலை சாயும். போடாமல் தவிக்கிறவனுக்கு எல்லாம் தலைகீழ்: கண்மணி விரிந்திருக்கும், கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், வெயிலிலும் மயிர்க்கூச்செறியும். இதெல்லாம் படித்திருப்பீர்கள். வார்டில் அவ்வளவாகச் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. நிறுத்திவிட்டவனின் உடம்பு பழைய பழக்கத்தை மறந்திருக்கும். அவன் மறுபடி தடுக்கி, பழைய ஞாபகத்தில் பழைய அளவைப் போட்டால் மூச்சே நின்றுபோகும். போடும்போது சாகாதவன் விட்ட பிறகு ஒரே நாளில் செத்துப்போவது அப்படித்தான். அதனால் ஏழுமலை மேல் நான் வைத்த கண், வேலை போகுமா போகாதா என்பதற்காக மட்டும் இல்லை.

எனக்கு மட்டுமா சந்தேகம்? பிரஸ் ஷாப்பே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேன்டீனில் ஒருவர் வந்து சொல்வார், "சிஸ்டர், அவன் எப்பப் பாத்தாலும் வாய்ல எத்தையோ அடக்கிகினு கீறான்." பார்த்தால் ஆரஞ்சு மிட்டாய். செக்யூரிட்டி சொல்வார், ஏழுமலை கழிவறைக்குப் போனால் சீக்கிரம் வருவதில்லை என்று. ஓ.டி. என்றால் ஆளாய்ப் பறந்தவன் இப்போது ஓ.டி.யே வேண்டாம் என்கிறானாம். எல்லாவற்றுக்கும் மேலே பஸ் விஷயம். கம்பெனி பஸ் அவனை வீட்டுக்குப் பக்கத்து ஸ்டாப்பில் இறக்கிவிடும். அவனோ அதற்கு முந்தைய ஸ்டாப்பிலேயே இறங்கி, வெயிலில் வேகு வேகென்று நடந்து போகிறான். யாரைப் பார்க்கப் போகிறான்? என்ன வாங்கப் போகிறான்?

எனக்கும் அது உறுத்தியது. ஆனால் முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குப் பிடிக்காது. கையில் சின்ன வெட்டுக்காயத்துக்கு மருந்து போட வந்தவனிடம் நேராகவே கேட்டேன்.

"ஏழுமலை, திரும்பவும் மாத்திரை போடுறியா?"

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"இல்ல சிஸ்டர்."

"அப்போ ஏன் முன்னாடி ஸ்டாப்லயே எறங்கிப் போற?"

"எங்க ஸ்டாப்பாண்ட ஒரு டீக்கட கீது இல்ல, அங்கதான் அவன் நிப்பான். குடுக்கறவன். என்னப் பாத்தா பேரு சொல்லிக் கூப்புடுவான்."

"கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறான். நீ பாட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"கூப்ட்டா நா போயிடுவேன் சிஸ்டர்," என்றான். அதை அவன் வெட்கப்படாமல் சொன்னான்.

ஓ.டி. ஏன் வேண்டாம் என்றும் கேட்டேன். இரண்டாவது ஷிஃப்ட் என்றாலே அவன் உடம்புக்கு மாத்திரை ஞாபகம் வந்துவிடுகிறதாம். மிட்டாய், வாய் சும்மா இருக்கக்கூடாது என்பதற்கு. கழிவறையில் என்ன செய்கிறாய் என்றதற்கு, கை நடுக்கம் நிற்கிறவரை மூஞ்சியில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்பேன் என்றான்.

நான் நம்பினேனா? பாதிதான் நம்பினேன். அந்த வாரமே ஒரு நாள் வேலை முடிந்து அந்த ஸ்டாப்பில் இறங்கி, தேவையே இல்லாமல் ஒரு டீ வாங்கிக் குடித்தேன். கடைக்குப் பக்கத்தில் ஒருவன் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் வேறு யாரோவாகக்கூட இருக்கலாம். ஆனால் ஷிஃப்ட் விட்டு வருகிற பையன்களில் இரண்டு பேர் அவனிடம் போய் நின்றார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். தடுக்கி விழுந்தவனும், விழாமல் இருக்கப் பாடுபடுகிறவனும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். இரண்டு பேரும் வழியை மாற்றுவார்கள், நண்பர்களை விடுவார்கள், தனியாகப் போய் நிற்பார்கள், எதையாவது மறைப்பது போலவே தெரிவார்கள். அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவனைத்தான் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் சரிபார்க்க வேண்டும், அது வேறு விஷயம்.

அப்படி இப்படி என்று ஆவணி மாதம் வந்தது. ஒரு காலை ஷிஃப்டில் பிரஸ் ஷாப்பிலிருந்து ஒருவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஏழுமலை. இடது கையில் சுற்றியிருந்த வேஸ்ட் துணி முழுக்கச் சிவப்பு. மோதிர விரலின் நுனி நசுங்கிப்போயிருந்தது. கட்டுப் போடுகிற கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும், விடுங்கள். அன்றைக்கு டாக்டர் வருகிற நாள். ஏஜென்சி அனுப்புகிற இளம் டாக்டர், நல்ல பிள்ளை. அவர் வலிக்கு ஊசி எடுத்தார்.

"ஊசி வேணாம் சார்," என்றான் ஏழுமலை.

"வலிக்கும்ப்பா."

"வலிக்கட்டும். வேணாம்."

டவலை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டான். நெற்றியெல்லாம் வேர்வை. டாக்டர் இரண்டாவது தடவை ஊசியைக் கிட்டே கொண்டுபோனபோது அவன் நல்ல கையால் அவர் மணிக்கட்டையே பிடித்துவிட்டான்.

கூட வந்திருந்த ஷிஃப்ட் இன்சார்ஜ் திருநெல்வேலிக்காரர். அவர் என்னை வெளியே வரச் சொல்லி ஜாடை காட்டினார்.

"பாத்தியளா சிஸ்டர். வெரலு நசுங்கிக் கெடக்கு, ஊசி வேண்டாங்கான். ஏன் வேண்டாங்கான்? ஏற்கனவே உள்ள தள்ளியிருக்கான், அதான் வலி தெரியல. நம்மகிட்ட டெஸ்ட் கிட் இருக்குல்லா? ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னால எடுத்துருங்க."

பொய் சொல்ல மாட்டேன், அதே எண்ணம் எனக்கும் வந்துவிட்டிருந்தது. ஊசி வேண்டாம் என்கிறவனுக்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும் என்று தோன்றியது. ஒன்று, வலி தெரியவில்லை. இல்லையென்றால் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, பரிசோதனை என்று போனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். நான் அவன் கண்ணைப் பார்த்திருந்தேன். கண்மணி சுருங்கியிருக்கவில்லை, விரிந்திருந்தது. ஆனால் வலியிலும் விரியும், மாத்திரை கிடைக்காத தவிப்பிலும் விரியும். கண்ணும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

அந்தக் கிட்டைப் பற்றியும் எனக்குத் தெரியும், சிறுநீரில் போதை மருந்து இருக்கிறதா என்று காட்டுகிற அட்டை அது. அவன் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை அந்த அட்டையில் தெரியுமா என்பதே சந்தேகம். இல்லை என்று காட்டினாலும் அதை நம்ப முடியாது, இருக்கிறது என்று காட்டினாலும் அதற்குச் சளி மருந்துகூடக் காரணமாக இருக்கலாம். ஆளையே நம்பாதவள் அட்டையை மட்டும் நம்புவேனா?

அப்போதுதான் என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போது இவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? எங்கள் கேட்டில் ஒரு போர்டு உண்டு. விபத்து நடந்து எத்தனை நாளாயிற்று என்று அதில் எழுதியிருக்கும். விபத்து நடந்தால் அன்றைக்கே அதைப் பூஜ்ஜியத்துக்கு மாற்ற வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் போதையில் இருந்தான் என்றால் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் அந்த பிரஸ்ஸில் சென்சார் இருக்கிறது. கை உள்ளே போனால் அச்சு இறங்கக் கூடாது. போதையில் இருந்தவன் கை போனாலும் இறங்கக் கூடாது. உற்பத்தி வேகமாக வேண்டும் என்று சில இடங்களில் அந்த சென்சாரை வேலை செய்யாமல் கட்டி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. எத்தனை விரல்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன்.

"டெஸ்ட் எடுத்துரலாம் சார்," என்றேன். "அவன் சம்மதிச்சா எடுக்கறேன். எடுக்கும்போது, சென்சார் வேலை செஞ்சுதா இல்லையான்னும் பாத்துரலாம். சேஃப்டி ஆபீசர் வர்றவரைக்கும் அந்த மெஷின்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

அவர் என்னையே பார்த்தார். "நீங்க என்ன சிஸ்டர், என்னையவே சந்தேகப்படுதிய?"

"நான் எல்லாரையும்தான் சந்தேகப்படறேன் சார்."

அவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். யாருக்குப் பேசினார், என்ன பேசினார் என்று தெரியாது. நான் உள்ளே போய், டாக்டரைத் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஏழுமலைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

டவலை வாயிலிருந்து எடுத்தான். "இன்னிக்கு இல்ல சிஸ்டர்."

இன்றைக்கு இல்லை என்றால் வேறு என்றைக்கோ என்று அர்த்தம்.

"போன வாரம் ஒண்ணு போட்டேன்," என்றான். "மச்சான் வூட்டு கிரகப்பிரவேசம். சொந்தக்காரங்கள்லாம் வந்து கையப் புடிச்சிகினு, ஆளே மாறிட்டியே, நல்லா கீறியேன்னு சொன்னாங்க. சந்தோஷமா இருந்துச்சு. இவ்ளோ நல்லா கீறேனே, ஒண்ணே ஒண்ணு போட்டா இன்னா ஆயிடப்போதுன்னு தோணுச்சு. திரும்பி வரும்போது அந்த ஸ்டாப்லயே எறங்கிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் போடல. ஆனா அன்னைலேர்ந்து அதே நெனப்பாதான் கீது."

"ஊசி ஏன் வேணாங்கற?"

அவன் டாக்டர் கையிலிருந்த சிரிஞ்சைப் பார்த்தான். "அதுக்குள்ள கீறதும் அதே சாதிதான சிஸ்டர்? வலிக்குன்னு ஒரு தபா உள்ள போனா எனக்குப் போதாது. நா இங்கேர்ந்து நேரா அவன்கிட்டதான் போவேன். வெரலு போனா போவட்டும்."

அவனை நான் அந்த நிமிடத்தில் நம்பினேன். அவன் நல்லவன் என்பதால் இல்லை. பொய் சொல்கிறவன் தனக்கு லாபமாகத்தான் சொல்வான். நான் சுத்தமாக இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால் நான் இன்னமும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன். வேலையே போகும் என்று தெரிந்தும் போன வாரத்துச் சங்கதியைத் தானாகச் சொன்னான்.

"இத டாக்டர் தெரிஞ்சுக்கணும். ஆஸ்பத்திரி டாக்டரும் தெரிஞ்சுக்கணும். வேற யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். சரியா?"

தலையாட்டினான். பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் கையிலிருந்த சிரிஞ்சைக் கீழே வைத்தார். "இது வேணாம். விரலை மட்டும் மரத்துப் போக வைக்கற ஊசி போடலாம். அது வேற மருந்து. தலைக்கெல்லாம் ஏறாது."

"அப்டி ஒண்ணு கீதா?" என்று ஏழுமலை கேட்டான்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. எங்களுக்கு அது சாதாரணமாகத் தெரிந்த விஷயம். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கதறியபோது எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. அவன் எதையோ மறைக்கிறான் என்று கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருந்தோம். அந்த ஊசியைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அவன் தாடை தளர்ந்தது. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான்.

ஆம்புலன்ஸில் நானும் போனேன். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கார் ஏற்றிய ட்ரெய்லர்கள் வரிசையாக நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியில் சர்ஜனைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். வீட்டுக்கு எழுதிக்கொடுக்கிற மாத்திரையும் அந்த வகையாக இருக்கக் கூடாது என்று சொன்னேன். அவர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். விரல் நுனி போய்விட்டது, விரல் மிஞ்சியது.

சுமதி வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள், தலையில் இருந்த பேக்கிங் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நடந்ததை அவளிடம் யாரோ பாதி சொல்லியிருந்தார்கள்.

"ஊசியே வேணாம்னுட்டாராமே சிஸ்டர்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு பெருமை. "அவ்ளோ வலியிலயும் வேணாம்னு சொல்லிட்டாரே. இனிமே எனக்கு பயமே இல்ல. இனிமே அவர நா ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர் வாங்கப் போனதும், "போன வாரத்த அவகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்," என்றான். நீ சொல் என்றேன். சொல்றேன் என்றான். சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பயம் விட்டுப்போன அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மெஷின் கதையையும் சொல்லிவிடுகிறேன். சேஃப்டி ஆபீசர் போய்ப் பார்த்தபோது சென்சார் ஒழுங்காக வேலை செய்ததாம். அதை நான் இன்றுவரை நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் ஏழுமலைக்கு டெஸ்ட் எடுங்கள் என்று என்னிடம் கேட்கவும் இல்லை. எச்.ஆர். மேனேஜர் மட்டும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். எடுத்தாலும் எதுவும் நிச்சயமாகத் தெரியாது என்றேன். டவுட் இருந்ததா என்றார். எனக்கு எப்போதும் இருக்கிறது சார் என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

காயம் ஆறி வேலைக்கு வந்தவனை பிரஸ்ஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அதோடு எல்லாம் மாறிவிட்டது. சந்தேகப்பட்ட அதே ஆட்கள் இப்போது அவனைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். ஊசி வேண்டாம் என்ற கதை கேன்டீனுக்குக் கேன்டீன் பெரிதாகிக்கொண்டே போனது. ஆயுத பூஜை அன்று மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி சுண்டல் கொடுத்த பிறகு, ஏழுமலையை முன்னால் நிறுத்தி சால்வை போர்த்தினார்கள். மனுஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அந்த இன்சார்ஜே மைக்கில் பேசினார். சுமதி முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை சால்வையோடு நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தப்பு செய்துவிட்டு டீச்சர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றான்.

நான் மட்டும் என் பழக்கத்தை விடவில்லை. வாரத்தில் ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிற்கவைத்துக் கண்ணைப் பார்ப்பேன். போட்டாயா என்று கேட்பேன், இல்லை என்பான், சரி போ என்பேன். சிஸ்டருக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று கூட இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். கேட்டால் அவன் மனசு புண்படும் என்று அவனுக்காகப் பரிந்து என்னிடம் சொன்னவர்களும் உண்டு. புண்பட்டால் மருந்து போட்டுக்கொள்ளலாம்.

பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறந்த காலை. நான் அறையைத் திறந்து விளக்கைப் போடுகிறேன், பின்னாலேயே வந்து நிற்கிறான். இன்னும் கார்டுகூடப் பஞ்ச் பண்ணவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் மேஜை மேல் வைத்தான்.

"எப்போ வாங்கின?"

"நேத்து."

"போட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் பிரிக்கவில்லை. அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். வேறு பையில் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினான். கோபமே இல்லை. டிஃபன் பாக்ஸையும் தானே திறந்து காட்டினான்.

"சுமதிகிட்ட சொன்னியா?"

"எப்டி சிஸ்டர் சொல்றது? ராவெல்லாம் பக்கத்துல வெச்சிகினு படுத்துகினு கெடந்தேன். அவ நிம்மதியா தூங்கறா. நா நல்லாயிட்டேன்னு அவ நம்பிகினு கீறா. மச்சான் நம்பறாரு, கம்பெனி நம்புது, சால்வலாம் போட்டாங்க. அவங்க யாருகிட்டயாவது இத எடுத்துகினு போவ முடியுமா?"

"என்கிட்ட மட்டும் வந்துட்ட?"

"நீங்கதான் என்ன எப்பவுமே நம்பல இல்ல," என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருஷ வேலையில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. அதே சமயம் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஒருவன் சாகாமல் பிழைக்க, கம்பெனி முழுக்கத் தேடி, தன்னை நம்பாத ஒருத்தியிடம் வர வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. நான் ஓய்வு பெற்றுப் போய்விட்டால் இவன் யாரிடம் போவான்?

மாத்திரைகளை அவன் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து, மருந்துக் கழிவில் ஊற்றினேன். டாக்டருக்குப் போன் செய்து, வார்டுக்கு அவனை அன்றைக்கே வரச் சொல்லி ஏற்பாடு செய்தேன். பிறகு அவன் போனை எடுக்கச் சொன்னேன்.

"சுமதிக்குப் போடு. நான் பக்கத்துலயே இருக்கேன். நான் பேச மாட்டேன், நீதான் பேசணும்."

"அவ ஒடஞ்சிடுவா சிஸ்டர்."

"உன்னக் கொண்டுபோய் வார்டுல சேத்தவ அவ. ஒடைய மாட்டா. போடு."

ஷிஃப்ட் மணி அடித்தது, வெளியே ஆட்கள் லைனுக்குப் போகிற சத்தம் கேட்டது. ஒரு வழியாகப் போட்டான். அவள் எடுத்ததும், நேற்று வாங்கியதைச் சொன்னான். கிரகப்பிரவேசத்தன்று போட்டதையும் சொன்னான். கடைசியில், "சுமதி, நீ என்ன நம்பாத. டெய்லி கேளு. பாக்கெட்டப் பாரு. நா கோச்சிகினாலும் பாரு," என்றான்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளா, போனை வைத்துவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

பிறகு அவள் குரல் எனக்கே கேட்டது. "சரி, கேக்கறேன். இப்போ எங்க கீற? அங்கயே இரு, நா வரேன்."